பாலாற்றங்கரையின் காகிதத் தோரணங்கள்

வேலூர் நகரில் காகிதப்பட்டறை என்று ஒரு பகுதி இருக்கிறது. பேருந்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகிறவர்கள் பலர். அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்க்கிறவர்கள் சிலரே. பட்டறை என்றால் தொழில் நடக்கும் இடம். கொல்லன் பட்டறை என்று சொல்கிறோம் அல்லவா? அதுபோலக் காகிதம் செய்த இடம் காகிதப்பட்டறை ஆயிற்று. தொழில் மறைந்து, பெயர் மட்டும் நிற்கிறது.

இராணிப்பேட்டை, விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர்களை உலகம் அறிந்திருப்பது தோலினால். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்கள், 2019-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின்னர் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பங்கிட்டுக் கிடக்கின்றன. இந்தத் தோல் நாட்டில் நின்றுகொண்டு காகிதத்தைப் பற்றி, அதிலும் திருநாட்களில் பிள்ளைகள் வெட்டி ஒட்டும் வண்ணக் காகிதத்தைப் பற்றி நான் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "பேசுவதற்கு வேலூர்க் கோட்டை இல்லையா? 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சி இல்லையா?" என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அவற்றைப் பற்றிப் பேசியவர்கள் பலர். கோட்டை கல்லால் ஆனது. தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கிறது. திருவிழாவுக்கு மறுநாள் காலையில் குப்பையோடு கூட்டித் தள்ளப்படுகிற காகிதத் தோரணத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஏழை வீட்டின் அலங்காரம் எல்லாம் இவ்வாறு ஒருநாள் அலங்காரமாகவே இருந்து வந்தமையால், நம் வரலாற்று நூல்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அதனாலேயே அதைப் பற்றிப் பேச விரும்பினேன்.

இயந்திரம் வருவதற்கு முன் நம் நாட்டில் காகிதம் செய்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழிந்த துணி, பழைய சணல் கயிறு, கோணி ஆகியவற்றைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். அவற்றைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறவைப்பார்கள். பிறகு இடிப்பார்கள், ஓடும் நீரில் அலசுவார்கள், மீண்டும் ஊறவைத்து மீண்டும் இடிப்பார்கள். இப்படிக் கூழான பொருளைத் தொட்டி நீரில் கலக்கி, புல்லீர்க்கினால் முடைந்த மெல்லிய தட்டியை அதில் அமிழ்த்தித் தூக்கினால், தட்டியின்மேல் ஒரு படலம் தங்கும். அதுவே தாள். ஈரத் தாளைச் சுண்ணாம்பு பூசிய சுவரில் ஒட்டி உலர்த்துவார்கள். உலர்ந்தபின் அரிசிக் கஞ்சி தடவி, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து மெருகேற்றுவார்கள்.

தோல் பதனிடுவதைக் கண்ணால் கண்ட ஆம்பூர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டால், "இது நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே!" என்பார்கள். பச்சைத் தோலும் முதலில் சுண்ணாம்புக் குழியில்தான் இறங்குகிறது. மயிர் கழன்றபின் நீரில் அலசப்படுகிறது. அதன்பின் பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதைப் பதப்படுத்தும். சுண்ணாம்பு, ஏராளமான நீர், சலியாத உடலுழைப்பு ஆகிய மூன்றையும் இரு தொழில்களும் வேண்டி நிற்கின்றன. ஐரோப்பாவில் இவ்விரண்டுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. மை பரவாதிருக்க நாம் கஞ்சி தடவினோம். அவர்களோ தோல் பதனிடுவோர் கழித்த துண்டுகளைக் காய்ச்சி எடுத்த பசையில் காகிதத்தைத் தோய்த்தார்கள். அந்தப் பசைக்கு உறவான வச்சிரத்தை நம் தச்சர்களும் நன்கு அறிவார்கள்.

காகிதம் நம்மிடம் வந்த வழியைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. சீன அரசவையில் பணியாற்றிய சாய் லுன் என்பவர் கி.பி. 105-இல் பேரரசரிடம் காகிதம் பற்றி அறிவித்தார் என்பது சீனர் வரலாறு. எட்டாம் நூற்றாண்டில் அக்கலை சமர்க்கந்து நகரை அடைந்தது. அங்கிருந்து பாக்தாதுக்கும், பின்னர் நம் நாட்டின் வடபகுதிக்கும், தக்காணத்துக்கும் பரவியது. 'காகஸ்' என்னும் பாரசீகச் சொல்லும் உடன்வந்தது. அதுவே நம் 'காகிதம்'. இன்னொரு பொருளாகக் கடல் வழியே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது 'கடுதாசி'. செடியின் தண்டுக்கும் அடிக்கும் வழங்கிய நம் சொந்தச் சொல்லான 'தாள்' இவ்விரண்டையும் வரவேற்றுத் தானும் அப்பொருளை ஏற்றுக்கொண்டது. ஒரே பொருளுக்கு மூன்று பெயர், மூன்று வழி. சோழ நாட்டுக் கடற்கரையில், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பொறையாற்றில், டேனிய மிஷனைச் சேர்ந்தவர்கள் 1715-ஆம் ஆண்டையொட்டி ஒரு காகித ஆலை நிறுவினார்கள். தங்கள் அச்சகத்துக்குத் தாள் போதாமையே அதற்குக் காரணம். நம் பாலாற்றங்கரைக்கோ காகிதத் தேவை வேறு திசையிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதத்துல்லா கான் காலத்தில் ஆர்க்காடு நவாபுகளின் தலைநகராயிற்று. பாரசீக மொழியில் வரிக்கணக்கும் ஆணைகளும் எழுதும் கச்சேரிகள் பெருகின. ஓலையில் எழுதும் கணக்குப்பிள்ளையைப் போல, பாரசீக முன்ஷி ஓலையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா? காகிதப்பட்டறை என்னும் பெயர் எத்தகைய உலகத்தைச் சேர்ந்தது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

எழுதுவதற்கு வந்த பொருள் எப்போது அலங்காரத்துக்கு ஆயிற்று? இதற்கு விடை காணக் காகிதத்துக்கு முன்பிருந்த அலங்காரங்களை நோக்கவேண்டும். வாயிலில் மாவிலைத் தோரணம். பந்தலில் குருத்தோலைத் தோரணம். தண்டையும் கூந்தலையும் அணிசெய்ய நெட்டி மாலை. தென்னங்குருத்தை மடித்து, நகத்தாலும் கத்தியாலும் கீறி, கிளியும் விசிறியும் பின்னலும் செய்கிறவர்களின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மடிப்பார்கள்; மடிப்பின் ஓரத்தில் கீறுவார்கள்; விரிப்பார்கள். காகிதப் பூவேலையின் அடிப்படை இலக்கணமும் மடித்தல், வெட்டுதல், விரித்தல் என்னும் இந்த மூன்றே. ஆகையால் காகிதத் தோரணம் அயல்நாட்டார் கற்றுக்கொடுத்த புதுமை என்று நான் கருதவில்லை. கை பழையது, கைக்குக் கிடைத்த பொருள் புதியது. ஓலை இரண்டு நாளில் வாடிவிடும், நிறமும் ஒன்றே. காகிதமோ வாடாது, வேண்டிய நிறம் ஏற்கும்.

ஆர்க்காட்டு நாட்டில் இக்கலை பெருவடிவு எடுத்தது முகரம் பண்டிகையில் எனலாம். கர்பலாவில் உயிர்நீத்த இமாம் உசேனின் நினைவாக, கல்லறை மாடம் போன்ற வடிவில் தாபூத்து என்னும் கூடு செய்வார்கள். சென்னை அரசாங்கத்துப் பணியில் இருந்த எர்க்லாட்ஸ் என்னும் மருத்துவரின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஜாபர் ஷெரீப் என்னும் அறிஞர் தக்காணத்து முஸ்லிம்களின் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். 'கானூன்-இ-இஸ்லாம்' என்னும் அந்நூலின் ஆங்கில ஆக்கம் 1832-இல் இலண்டனில் வெளிவந்தது. தாபூத்து செய்யும் விதம் அதில் விரிவாக இருக்கிறது. மூங்கிற் சட்டம், அதன்மேல் வண்ணக் காகிதம், வெட்டுப் பூவேலை, ஜிகினா, ஒளிவீசும் அப்பிரகத் தகடு, உள்ளே விளக்கு. மாடமாளிகை கட்டும் செல்வம் இல்லாத மக்கள் மூங்கிலிலும் தாளிலும் ஒரு மாளிகை கட்டி, பத்தாம் நாள் நீர்த்துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். இவ்வழக்கம் முஸ்லிம்கள் எல்லோருக்கும் உடன்பாடானது என்று எண்ணவேண்டா. மார்க்க அறிஞர் பலர் அதைக் கண்டித்தனர். காலப்போக்கில் அது பெரிதும் குறைந்தது. ஆனால் கூடு கட்டும் கைவேலை அதனோடு மறைந்துவிடவில்லை. தர்காக்களின் சந்தனக்கூடு விழாவில் அது தொடர்ந்தது. திருமணப் பந்தலுக்குச் சென்றது. இறுதிப் பயணத்தின் தேர்ப்பாடைக்கும் சென்றது.

'கூடு' என்னும் இந்தச் சொல்லைக் கவனியுங்கள். சந்தனக்கூடு என்கிறோம், கிறிஸ்துமஸ் காலத்தில் வாயிலில் தொங்குவதை நட்சத்திரக் கூடு என்கிறோம். மூங்கில் பிளக்கும் முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். "கூடு ஒன்றுதான் ஐயா, மேலே ஒட்டுகிற தாள்தான் வேறு" என்றார். நான் பல பக்கங்களில் எழுதக்கூடியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். மூங்கில் பிளக்கத் தெரிந்தவன் கோயிலுக்கும் பிளப்பான், தர்காவுக்கும் பிளப்பான், மாதாகோயிலுக்கும் பிளப்பான். அவனுக்குக் கூலி வேண்டும். அவன் கைக்குத் திருநாள் வேண்டும்.

இனி நட்சத்திரத்தின் கதை. அமெரிக்க ஆர்க்காடு மிஷன் 1853-இல் இப்பகுதியில் அமைந்தது. 1890களில் லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்கள் கிருஷ்ணகிரியிலும் ஆம்பூரிலும் பணி தொடங்கினார்கள். 1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை பின்னர் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பள்ளிகளும் விடுதிகளும் பெருகப் பெருக, மார்கழி மாதத்தில் தாள் நட்சத்திரங்களும் பெருகின. காகித நட்சத்திரத்துக்கு ஜெர்மனியிலும் ஒரு பள்ளிக் கதை உண்டு. 1830களில் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியத் திருச்சபை நடத்திய ஆண்கள் பள்ளியில், வடிவ கணிதம் கற்பிப்பதற்காகக் காகிதக் கூம்புகளை ஒட்டிப் பல முனைகள் கொண்ட நட்சத்திரம் செய்தார்கள். மொரேவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் வாழ்ந்தவர்கள் என்பதைக் கொண்டு, அவர்களே நட்சத்திரத்தை நமக்குத் தந்தார்கள் என்று சொல்ல ஆசை பிறக்கலாம். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது. அவர்கள் இங்கிருந்து போனபின் பிறந்த நட்சத்திரம் அது. மேலும் அதில் மூங்கிலே கிடையாது. நம் ஐம்முனை நட்சத்திரத்துக்கு உருவத்தில் மிக நெருங்கிய உறவு பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருக்கிறது. அங்கே 'பரோல்' என்னும் விளக்கை மூங்கிலாலும் மெல்லிய தாளாலும் நம்மைப் போலவே செய்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. மூங்கிலும் மெல்லிய தாளும் விளக்கும் ஒருங்கே கிடைத்த இடங்களில் கைகள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

அந்த வழி இதுதான். ஒரே நீளமுள்ள பத்து மூங்கிற் பத்தைகளைச் சீவி எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரம். மற்ற ஐந்தைக் கொண்டு இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுகக் கட்டவேண்டும். பின்பு பத்தைகள் உள்ளே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களில் நான்கு விரல் நீளமுள்ள குச்சிகளை நிறுத்தினால், தட்டையாகக் கிடந்த நட்சத்திரம் வயிறு புடைத்து எழுந்து நிற்கும். பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்க்கிற நேரம் அதுதான். முனை ஒவ்வொன்றும் 36 பாகை என்று வடிவ கணித ஆசிரியர் சொல்வார். நூல் கட்டுகிற பையனுக்கு அது சொல்லாமலே வந்துவிடும். மேலே தாள் ஒட்டி, விளக்கு வைக்க ஒரு பக்கத்தில் சிறு கதவு விட்டால் வேலை முடிந்தது. அகலும் மெழுகுவத்தியும் வைத்த காலத்தில் காற்றடித்து நட்சத்திரம் எரிந்துபோவதும் உண்டு. மின்விளக்கு வந்து அந்த அச்சத்தைப் போக்கியது.

இவ்வளவு மலிவாக வண்ணத் தாள் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். 1798-இல் பிரான்சு நாட்டில் இராபேர் என்பவர் காகித இயந்திரம் கண்டார். 1840களில் ஜெர்மனியின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழி கண்டார். 1856-இல் இலண்டனில் பதினெட்டு வயதுப் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். கந்தையைத் தேட வேண்டிய தேவை நீங்கியது. சாயத்துக்கு அவுரியையும் சாயவேரையும் நம்பியிருக்க வேண்டிய தேவையும் நீங்கியது. அதே 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பாலாற்றங்கரைத் தோலைச் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிச்சென்ற அந்தப் பாதை, துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளை எதிர்த்திசையில் கொண்டுவந்தது. முன்பு நவாபின் கச்சேரிக்கு உரிய பொருளாக இருந்த தாள், இரண்டு தலைமுறைக்குள் பெட்டிக்கடைச் சரக்காயிற்று.

தோரணக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். கூட்டல் தெரிந்த பிள்ளைகள் சரிபார்க்கலாம். கடையில் கிடைக்கும் மெல்லிய வண்ணத் தாள் 30 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் உள்ளது என்று கொள்வோம். நீளத்தை நான்காகவும் அகலத்தை நான்காகவும் மடித்து வெட்டினால் 16 துண்டுகள். ஒவ்வொன்றும் 5 அங்குல அகலம். கீழ்ப்பக்கம் கூராகும்படி இருபுறமும் சரித்து வெட்டினால் 16 கொடிகள். அவற்றை இடைவெளி விடாமல் சணல் நூலில் ஒட்டினால் 80 அங்குலத் தோரணம். ஒரு குயர், அதாவது 24 தாள்கள் வாங்கினால் 160 அடி. ஒரு சிறிய தெருவின் ஒரு சிறகு முழுவதும் அதில் அடங்கிவிடும். சரித்து வெட்டியதில் விழுந்த துண்டுகளையும் வீணாக்குவதில்லை; அவை சங்கிலிக்கும் பூவுக்கும் ஆகும். இன்னும் அழகு வேண்டுமானால், தாளைப் பட்டையாக மடித்து, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று மறு ஓரத்தைத் தொடாமல் மாறிமாறி வெட்டி இழுத்தால் வலை விரியும். பசைக்கு மைதா மாவோ புளியங்கொட்டை மாவோ போதும். பூச்சி அரிக்காதிருக்கப் புத்தகம் கட்டுவோர் அதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு ஆகையால் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது.

இக்கலை இந்தப் பகுதியில் எளிதாகக் கைவந்ததற்கு நான் காணும் காரணம் ஒன்று உண்டு. இது வெட்டுகிறவர்களின் நாடு. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலையின்மேல் தகர அளவை வைத்துக் கத்திரியால் அவர்கள் வெட்டும் வேகத்தைக் கண் தொடர முடியாது. குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழிலும் நடந்தது. பெட்டிக்குத் தாள் மடித்து ஒட்டும் வேலை பிள்ளைகளின் விரல்களையும் விட்டுவைக்கவில்லை. அது மகிழ்ச்சியோடு நினைக்கத்தக்க செய்தி அன்று. 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே தோல் துண்டுகளைத் தைக்கச் சென்றார்கள். காலணி எங்கே பிறக்கிறது தெரியுமா? தோலில் அன்று, தாளில். காலின் வடிவான மரக்கட்டையின்மேல் ஒட்டு நாடாவைச் சுற்றி, அதில் கோடு வரைந்து, உரித்தெடுத்து அட்டையில் பரப்பி வெட்டுகிறார்கள். வளைந்த பாதம் தட்டைத் தாளாகிறது; அந்தத் தாளின்படி வெட்டிய தோல் மீண்டும் வளைந்து பாதமாகிறது. கணினி வந்து அந்த வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டாலும் கணக்கு அதுவே. தட்டையான நட்சத்திரத்தை வயிறு புடைக்கச் செய்யும் பையனும், காலணிக்கு அட்டை வெட்டும் தொழிலாளியும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். முதலாமவனுக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. இரண்டாமவருக்குக் கிடைக்கும் கூலியும் அந்த அறிவுக்கு ஈடானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1947 ஆகஸ்டு 15 அன்று நாடெங்கும் தாள் கொடிகள் தெருக்களில் ஏறின. சமயப் பண்டிகைகளில் பழகிய கத்திரிக்கும் பசைக்கும் அன்று எல்லோருக்கும் பொதுவான ஒரு திருநாள் கிடைத்தது. பின்னர் வந்தது பிளாஸ்டிக். கிழியாது, நனையாது, வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம் என்று அது தாளை விரட்டியது. விழா முடிந்தபின்னும் அது மின்கம்பத்தில் தொங்கியது, சாக்கடையை அடைத்தது, ஏற்கெனவே தோல் கழிவினால் நொந்திருந்த பாலாற்றின் மணலில் புதைந்தது. 2002-இல் நடைமுறைக்கு வந்த தேசியக் கொடிச் சட்டத் தொகுப்பு, விழாக்களில் பொதுமக்கள் தாள் கொடி அசைக்க இடம் தந்தது. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாடு அரசு தடைசெய்த ஒருமுறைப் பயன் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் இருந்தது. சட்டத்தினால் தாளுக்கு வழி திறந்தது உண்மை. ஆனால் வெட்டத் தெரிந்த கை சட்டத்தினால் வந்துவிடாது. அதைப் பள்ளிக்கூடத்தில்தான் வளர்க்கவேண்டும். கைத்தொழில் வகுப்புக்கு ஒதுக்கிய நேரத்தைத் தேர்வுப் பாடங்கள் விழுங்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

நட்சத்திரம் செய்யும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகை முடிந்ததும் நிறம் மங்கிய தாளைக் கிழித்து அடுப்பில் இட்டுவிடுவார்கள். மூங்கிற் கூட்டை மட்டும் துடைத்து, கட்டு அவிழாதபடி பரணில் ஏற்றிவைப்பார்கள். மறு ஆண்டு அதை இறக்கி, புதுத் தாள் ஒன்று வாங்கினால் போதும்.